ஆர்எஃப் திறன் பெருக்கியை நிறுவுதலும் பராமரித்தலும்

வானொலி (ஆர்எஃப்) சிக்னலின் திறனை உயர்த்தும் லீனியர் பெருக்கியைப் புதிதாக வாங்கியவர் முதலில் சோதிக்க வேண்டியது பெருக்கியை அல்ல, அதற்கு அப்பால் இருக்கும் கேபிளையும் ஆன்டெனாவையும்தான். டிரான்ஸ்சீவரின் (சிக்னலை அனுப்பவும் பெறவும் செய்யும் வானொலிக் கருவியின்) 100 வாட்டில் எந்தக் குறையும் காட்டாத இணைப்பு, 1000 வாட்டில் காட்டிக்கொடுத்துவிடும். 50 ஓம் சுமைக்குள் 1000 வாட் செல்லும்போது ஏறத்தாழ 4.5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. சரியாகப் பற்றவைக்கப்படாத ஒரு பிஎல்-259 பிளக்கில் (ஆன்டெனா கேபிளின் முனையில் மாட்டுவது) அரை ஓம் தடை இருந்தால்கூட அந்தச் சிறிய இடத்தில் 10 வாட் வெப்பம் உண்டாகும். அத்தகைய பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நடு ஊசியைச் சுற்றியுள்ள இன்சுலேஷன் பழுப்பேறியிருக்கும். ஆன்டெனா எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் (நிலை அலை விகிதம்) 2-க்கு 1 என்றால் திறனில் சுமார் 11 சதவீதம் திரும்பி வருகிறது, 1.5-க்கு 1 என்றால் 4 சதவீதம்தான். இரண்டாவது அளவை எட்டிய பிறகு பெருக்கியை இணைப்பதே நல்லது.

பெருக்கிக்குத் தனி மின்சுற்றும் நம்பகமான எர்த்தும் வேண்டும். விசிறி காற்றை இழுக்கும் பக்கத்தையும் வெளியேற்றும் பக்கத்தையும் சுவரோ புத்தகங்களோ அடைக்கக் கூடாது. அனுப்பு நிலைக்கு மாற்றும் ரிலே கம்பியை டிரான்ஸ்சீவரில் செருகும் முன் அதில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள். சில பழைய வால்வு பெருக்கிகளில் அந்தக் கம்பியில் 100 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். இன்றைய டிரான்ஸ்சீவரின் உள்ளே இருக்கும் சிறிய டிரான்சிஸ்டர் அதைத் தாங்காது. இடையில் ஒரு ரிலே சுற்றை வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

முதல் இயக்கம், ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் மின்தடையான டம்மி லோடில்தான் நடக்க வேண்டும். 3-500இசட் வால்வு சில நொடிகளில் தயாராகிவிடும். 8877 போன்றவற்றுக்கு மூன்று நிமிடமாவது சூடேற அவகாசம் தர வேண்டும். பிறகு குறைந்த டிரைவ் (டிரான்ஸ்சீவரிலிருந்து பெருக்கிக்குள் செலுத்தும் திறன்) கொடுத்து, வால்வின் வெளியீட்டு முனையான பிளேட்டின் மின்னோட்டம் தாழும் புள்ளிக்கு டியூன் குமிழைத் திருப்பி, வெளியீடு உயரும் வரை லோடு குமிழை நகர்த்தி, மீண்டும் டியூனுக்கு வர வேண்டும். டிரைவைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் இரண்டையும் மாறி மாறிச் சரிசெய்ய வேண்டும். வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டின் மின்னோட்டம் வரம்பை நோக்கி ஏறினால், பெரும்பாலும் லோடிங் போதவில்லை அல்லது டிரைவ் மிகுந்துவிட்டது என்று பொருள். பலர் பிளேட் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் கண் கிரிட் மீட்டரில்தான் இருக்கும், ஏனெனில் மெல்லிய கிரிட் கம்பிதான் முதலில் கெடும். முழுத் திறனில் ஒவ்வொரு முயற்சியும் பத்து நொடியைத் தாண்டாதிருக்கட்டும்.

வால்வுக்குப் பதிலாக எல்டிமாஸ் (எல்டிஎம்ஓஎஸ்) வகை டிரான்சிஸ்டர் உள்ள பெருக்கியில் டியூன் செய்யும் வேலை இல்லை. ஆனால் அதிக டிரைவை அது ஒரு கணமும் பொறுக்காது. சில டிரான்ஸ்சீவர்கள் 30 வாட்டில் வைத்திருந்தாலும் அனுப்பத் தொடங்கும் முதல் கணத்தில் முழுத் திறனையும் உமிழ்ந்துவிடும். இடையில் திறனைக் குறைக்கும் ஓர் அட்டென்யுவேட்டர் வைப்பது வீண்செலவல்ல.

பராமரிப்பில் பெரும்பகுதி தூசியோடு மல்லுக்கட்டுவதுதான். விசிறியின் இறக்கைகளில் படிந்த தூசி காற்றைக் குறைக்கிறது. காற்று குறைந்தால் 3-500இசட் வால்வின் அடி ஊசிகளில் உள்ள ஈயப்பற்றே இளகிவிடும். ஆகவே அனுப்பி முடித்த பிறகும் சில நிமிடங்கள் விசிறியை ஓடவிட்டே அணைக்க வேண்டும்.

மூடியைத் திறப்பது தனிக் கவனம் கோரும் வேலை. 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அடுக்கில் 3000 வோல்ட் இருந்தால் அதில் 112 ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கிறது; அது ஆளைக் கொல்லப் போதுமானது. அந்த மின்னூட்டத்தை வடியவைக்கும் பிளீடர் மின்தடை அறுந்திருந்தால், சுவிட்சை அணைத்த பின்பும் அது நெடுநேரம் அங்கேயே இருக்கும். எனவே மின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, உயர் மின்னழுத்த மீட்டர் சுழிக்கு வரும்வரை காத்திருந்து, நீண்ட இன்சுலேட்டர் கைப்பிடி கொண்ட எர்த் குச்சியின் கம்பியை முதலில் சேசிஸில் (பெருக்கியின் உலோகச் சட்டத்தில்) மாட்டி, அதன் பிறகே குச்சியின் முனையை பிளேட் மின்னழுத்த முனையில் வைக்க வேண்டும். மீட்டர் பழுதாகியும் சுழியைக் காட்டக்கூடும் என்பதால் குச்சியைத் தவிர்க்கவே கூடாது. வேலை முடியும்வரை குச்சி அங்கேயே தொங்கட்டும். மூடியைத் திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இன்டர்லாக்கை, ‘சோதனைக்காக’ என்று சொல்லிக்கூட முடக்கக் கூடாது.

கெப்பாசிட்டர்களில் ஒன்று உப்பியிருந்தால் அடுக்கு முழுவதையும், அவற்றுக்கு இணையாக உள்ள மின்தடைகளையும் சேர்த்தே மாற்றுங்கள். நெடுநாள் சும்மா கிடந்த 8877 வால்வை உயர் மின்னழுத்தம் தராமல் சில மணி நேரம் ஹீட்டரை மட்டும் எரியவிட்டு, பிறகே பயன்படுத்த வேண்டும். பழைய ஆர்எஃப் டிரான்சிஸ்டர்கள் சிலவற்றின் வெள்ளைப் பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு என்பதால் உடைந்ததைத் தேய்க்கவோ அராவவோ கூடாது.

ஒவ்வொரு பேண்டுக்கும் (அதிர்வெண் பட்டைக்கும்) டியூன், லோடு குமிழ்களின் நிலையையும், டிரைவ், பிளேட் மின்னோட்டம், கிரிட் மின்னோட்டம், வெளியீடு ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பெருக்கியின் அருகே வையுங்கள். அதே டிரைவுக்கு வெளியீடு எல்லா பேண்டிலும் குறைந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம். ஒரு பேண்டில் மட்டும் குறைந்தால் அந்த பேண்டின் சுவிட்ச் முனையையோ ஆன்டெனாவையோ பார்க்கலாம், அதற்கும் முன்பு டம்மி லோடை மாட்டிப் பார்த்தால் இந்த இரண்டில் எது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.