வீட்டுக் கணினிக்கு எந்த ஃபயர்வால்? என் அனுபவம்

எங்கள் வீட்டு விண்டோஸ் 11 கணினியில் பிரௌசரைத் திறந்தாலே ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கும். மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்ற மிரட்டல் வேறு. பையன் இறக்கிய இலவச பிடிஎஃப் மென்பொருளோடு தொற்றிக்கொண்டு வந்த சமாச்சாரம்.

முதலில் அந்த பிடிஎஃப் மென்பொருளை நீக்கினேன். அப்புறம் குரோமில் பெயர் தெரியாத எக்ஸ்டென்ஷன்களை (பிரௌசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்கள்) எடுத்துவிட்டு, நோட்டிஃபிகேஷன் அனுமதி வாங்கியிருந்த தளங்களையும் தடுத்தேன். அந்த மிரட்டல் அங்கிருந்துதான் வந்திருக்கிறது; வைரஸே இல்லை, வெறும் அறிவிப்பு! மிச்சத்தை மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் அட்வ்கிளீனர் என்ற கருவி துடைத்தது. இலவசம், இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம்.

நிரந்தரக் காவலுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸே போதும் என்று முடிவு செய்தேன். வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் பொதுவாகத் தானே ஒதுங்கிவிடும். அதனால் கணினியோடு வந்த வேறொரு ஆன்டிவைரஸின் சோதனைப் பதிப்பை நீக்கினேன். டிஃபெண்டரில் தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் வசதி தனியாக இருக்கிறது; அதையும் ஆன் செய்தேன்.

ஃபயர்வாலும், அதாவது கணினிக்கு வந்துபோகும் இணைப்புகளை வடிகட்டும் காவலும், விண்டோஸுடையதுதான். 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட் வந்ததிலிருந்து அது தானாகவே ஆன் ஆகியிருக்கும். அழைக்காமல் உள்ளே வரும் இணைப்புகளைத் தடுக்கும். வெளியே போவதை இயல்பாக விட்டுவிடும். வெளியே போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் அனுமதி கேட்கும் ஃபயர்வால்களும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் படிக்காமலே 'சரி' அழுத்துகிற ரகம், எதற்கு அது?

பையனுக்கு மட்டும் அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு. கொஞ்சம் கோபத்தில் இருக்கிறான்.