பள்ளிக் கட்டடத்துக்கு ஊரிடம் பணம் கேட்கும்போது: மினசோட்டா கிராமங்களில் நடக்கும் தவறுகள்

நம் ஊரில் அரசுப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வேண்டும் என்றால் மனு எழுதுவோம், எம்.எல்.ஏ.வைப் பார்ப்போம், நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருப்போம். அமெரிக்காவின் மினசோட்டாவில் வழி வேறு. அங்கே பள்ளி மாவட்டம் என்பது தனி உள்ளாட்சி அமைப்பு. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் உண்டு, சொத்து வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. ஆனால் புதுக் கட்டடம், பெரிய விரிவாக்கம் என்று வந்தால், சொத்து வரியிலிருந்து திருப்பிக் கட்டும் கடன் பத்திரம் வெளியிடும் முன் பெரும்பாலும் மக்களிடம் வாக்கு கேட்டாக வேண்டும். பாதிக்கு மேல் 'ஆம்' விழுந்தால் போதும். பக்கத்து மாநிலமான அயோவாவில் 60 சதவீதம் வேண்டும். அதோடு ஒப்பிட்டால் இது சுலபம்தான். அப்படியும் கிராமப்புறத் திட்டங்கள் தோற்கின்றன. பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று எந்த ஊரும் நினைப்பதில்லை. யார் எவ்வளவு கட்டுவார்கள் என்ற கணக்கைச் சொல்லும் விதத்தில்தான் பல திட்டங்கள் கோட்டை விடுகின்றன என்பது என் எண்ணம்.

முதல் தவறு, இரண்டு விதமான வாக்கெடுப்பைப் போட்டுக் குழப்புவது. ஆசிரியர் சம்பளம், பேருந்து, வகுப்பு நடத்தும் செலவு எல்லாம் ஒரு வகை. அதற்கான வரி தனி. கூரை, சுவர், புது வகுப்பறை வேறு வகை. அதற்குக் கடன் பத்திரம். கட்டடத்துக்கு வாங்கிய கடன் பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. "ஆசிரியரைக் குறைத்துவிட்டு ஜிம் கட்டுகிறார்களே" என்று டீக்கடைப் பேச்சு கிளம்பினால், வாரியம் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று பொருள்.

இந்த இரண்டும் வரி போடும் அடித்தளத்திலேயே வேறுபடுகின்றன. நடைமுறைச் செலவுக்கான வாக்கெடுப்பு வரி விளைநிலத்தின் மேல் விழாது. விவசாயியின் வீடு, கார் ஷெட், அதைச் சுற்றி ஒரு ஏக்கர், அவ்வளவோடு சரி. ஏரிக்கரையில் கோடைக்கு மட்டும் வந்து போகிறவர்களின் கேபின்களுக்கும் விலக்கு. கட்டடக் கடன் அப்படி இல்லை. நிலம், கேபின், கடை எல்லாமே அதில் சேரும். போன தடவை வந்த வாக்கெடுப்பில் தன் வயலுக்குக் காசு கேட்கவில்லை என்பதால் இந்தத் தடவையும் அப்படித்தான் என்று நம்பிய விவசாயி, கணக்கு தெரிந்ததும் கோபப்படத்தான் செய்வார்.

அடுத்ததுதான் பெரிய தவறு: "சராசரி வீட்டுக்கு மாதம் இவ்வளவுதான்" என்று ஒரே ஓர் எண்ணைத் துண்டறிக்கையில் போடுவது. நகரத்துப் புறநகருக்கு அது சரியான எண். சோளமும் சோயாவும் விளைகிற மாவட்டத்தில் வரி அடித்தளத்தின் பெரும்பங்கு நிலமாகவே இருக்கும். கையில் பல நூறு ஏக்கர் இருப்பவர் அந்த வீட்டு எண்ணைப் பார்த்துத் தலையாட்ட மாட்டார். தன் நிலத்தை வைத்து மனக்கணக்குப் போடுவார். அவர் போடும் கணக்கு பெரும்பாலும் உண்மையைவிடப் பெரிதாக இருக்கும், ஏனென்றால் அவருக்குக் கிடைக்கும் சலுகையை யாரும் சரியாக விளக்கியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சலுகையின் பெயர் 'ஆக் டு ஸ்கூல்'. பள்ளிக் கட்டடக் கடனுக்காக விளைநிலத்தின் மேல் விழும் வரியில் ஒரு பங்கை மாநில அரசே செலுத்தும். 2018இல் 40 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2023 முதல் 70 சதவீதம். இதற்கு விவசாயி விண்ணப்பம் எதுவும் போட வேண்டாம். வரி ரசீதிலேயே கழிந்து வரும்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஒருவர் சொந்தமாக உழும் நிலத்தின் மதிப்பு 10 லட்சம் டாலர். அதற்கு வகை விகிதம், அதாவது சொத்தின் வகையைப் பொறுத்து மதிப்பில் வரிக்கணக்குக்கு எடுக்கும் பங்கு, 0.5 சதவீதம். ஆக வரி கணக்கிட எடுக்கும் தொகை (வரித்திறன்) 5,000 டாலர். புதுக் கடனுக்கான வரி அதில் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,000 டாலர். மாநிலம் 700 கட்டும், அவர் கையிலிருந்து போவது 300. அதே ஊரில் 2 லட்சம் டாலர் வீட்டுக்கு வகை விகிதம் 1 சதவீதம்; விலக்குகளைக் கழிக்காமல் பார்த்தால், 400 டாலர் வரும். இப்படி ஒரு பட்டியலை, நிலத்துக்கு ஒரு வரிசை, வீட்டுக்கு ஒரு வரிசை, கேபினுக்கு ஒரு வரிசை என்று போட்டுக் கொடுத்தால் பாதிச் சண்டை அடங்கும்.

ஆனால் இதிலேயே ஆதரவாளர்கள் எதிர்த்திசையில் சறுக்குகிறார்கள். "திட்டச் செலவில் 70 சதவீதத்தை மாநிலம் தருகிறது" என்று மேடையில் சொல்லிவிடுவார்கள். இல்லை. விளைநிலத்தின் பங்கில்தான் 70 சதவீதம். விவசாயியின் வீட்டுக்குக் கிடையாது, ஊருக்குள் இருப்பவரின் வீட்டுக்கும் கிடையாது. கணக்குத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் எழுந்து இதைத் திருத்தினால், அதன் பின் வாரியம் சொல்லும் மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"வரி ஏறாது" என்ற வாக்குறுதியும் இதே ரகம்தான். பழைய கடன் முடிகிற ஆண்டில் புதுக் கடன் தொடங்கினால் மொத்த வரி கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கலாம், அது உண்மை. ஆனால் மினசோட்டா சட்டப்படி வாக்குச்சீட்டில் தடித்த எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தாக வேண்டும்: 'ஆம்' என்று வாக்களித்தால் சொத்து வரி உயர்வுக்கு வாக்களிக்கிறீர்கள் என்று. மாதக்கணக்கில் "ஏறாது" என்று கேட்டு வந்தவர், சாவடிக்குள் இதைப் படித்தால் ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார். பழைய கடன் எப்போது முடிகிறது, புதுக் கடன் வராவிட்டால் வரி எவ்வளவு குறையும், வந்தால் எவ்வளவு நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. வாக்குச்சீட்டில் அந்த அறிவிப்பு இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"கூரையைப் பராமரிக்க வருஷா வருஷம் பணம் வருகிறதே, அதை என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். நியாயமான கேள்வி. நீண்டகாலக் கட்டடப் பராமரிப்புக்கென்று மாவட்டங்களுக்குத் தனி வருவாய் உண்டு, அதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை. ஆனால் புதுக் கட்டுமானத்துக்கு அதைத் தொட முடியாது. மாணவர் எண்ணிக்கையை வைத்து வரும் பணம் என்பதால் சின்ன மாவட்டத்துக்குச் சின்னத் தொகைதான். கடந்த ஆண்டுகளில் அது எந்தக் கொதிகலனுக்கு, எந்தக் கூரைக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்காத வாரியம் இந்தக் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.

சட்டம் சார்ந்த தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 20 லட்சம் டாலருக்கு மேற்பட்ட திட்டம் என்றால் மாநிலக் கல்வித் துறையின் ஆய்வும் கருத்தும் முதலில் வர வேண்டும். அதற்கான காலத்தை ஒதுக்காமல் தேதி குறிப்பது வீண். மாவட்டம் தன் பணத்தில் தகவல் தரலாம், 'ஆம் போடுங்கள்' என்று பிரச்சாரம் செய்யக்கூடாது. அதை ஊர்க்காரர்கள் தனிக் குழு அமைத்துத் தங்கள் காசில் செய்ய வேண்டும்.

தேதியிலும் ஒரு தந்திரம் பார்ப்பார்கள். பிப்ரவரி, ஏப்ரல், மே, ஆகஸ்ட் மாதங்களின் இரண்டாம் செவ்வாய் அல்லது நவம்பர் தேர்தல் நாள், இவற்றில்தான் நடத்தலாம். கூட்டம் குறைவாக வரும் பிப்ரவரியில் வைத்தால் பெற்றோர் வாக்கே ஜெயித்துவிடும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். குளிரில் முதலில் வந்து வரிசையில் நிற்பது வரிக் கோபத்தில் இருப்பவராகவும் இருக்கலாம்! ஜெயித்தாலும் "திருட்டுத்தனமாக நடத்தினார்கள்" என்ற பேச்சு பல வருஷம் ஓடும். ஏற்கெனவே, வெளியூரில் குடியிருந்து இங்கே நிலமோ கேபினோ வைத்திருப்பவருக்கு வரி உண்டு, வாக்கு இல்லை என்ற மனக்குறை வேறு இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் அடைப்பதையும் தவிர்க்கலாம். ஒழுகும் கூரை, பழைய காற்றோட்டக் கருவி, பாதுகாப்பான நுழைவாயில் ஆகியவற்றை முதல் கேள்வியாக வைத்து, புது ஜிம்மையும் மைதானத்தையும் இரண்டாவது கேள்வியாக வைக்கலாம். முதலாவது ஜெயித்தால்தான் இரண்டாவது செல்லும் என்று நிபந்தனையும் போடலாம். ஜிம் தோற்றாலும் கூரை தப்பிக்கும்.

தோற்றுவிட்டால்? உடனே அதே திட்டத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதே நோக்கம், அதே தொகை என்றால் 180 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டாவது முறையும் தோற்றால் ஓர் ஆண்டு. அந்த ஆறு மாதத்தைக் கட்டடக் கலைஞரோடு மட்டும் கழிக்காமல், 'இல்லை' போட்டவர்களிடம் போய் எந்த எண் உறுத்தியது என்று கேட்கிற வாரியத்துக்குத்தான் அடுத்த சீட்டில் என்ன எழுதுவது என்று தெரியும்.