ஏர் ரைபிள் பயிற்சிக்கு மலிவான பெல்லட்: காசு எங்கே வீணாகிறது?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பிள்ளையை 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சியில் சேர்த்த பெற்றோருக்கு ரைபிள் வாங்குவது ஒருமுறைச் செலவு. அதில் போட்டுச் சுடும் சிறு ஈயக் குண்டான பெல்லட் அப்படியில்லை, அது தீரத் தீர வாங்க வேண்டும். ஒரு டின்னில் பொதுவாக 500 இருக்கும். போட்டியின் தகுதிச் சுற்றுக்கு மட்டுமே 60 ஷாட் என்றால், பயிற்சியில் டின் எவ்வளவு வேகமாகக் காலியாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைந்ததைத் தேடுவது நியாயம்தான். தேடுகிற விதத்தில்தான் கோளாறு.

முதல் கோளாறு, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்குவது. டெல்டாவில் ஏர்கன் என்றாலே கொக்கும் மடையானும் நினைவுக்கு வரும் பழக்கம் இன்னும் போகவில்லை. (1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைச் சுடுவது குற்றம்.) அந்தப் பழக்கத்துக்கு விற்ற கூர்முனை ரவைதான் பல கடைகளில் கிடைக்கும். காகித இலக்குக்கு வேண்டியது தட்டைத் தலை பெல்லட். அது வட்டமாக ஓட்டை போடும். கூர்முனை காகிதத்தைக் கிழிக்கும், புள்ளி எண்ண முடியாது. இரும்புக் குண்டு இன்னும் மலிவு, ஆனால் பேரலின், அதாவது குழலின், உள்வரிகளைத் தேய்த்துவிடும். என்.சி.சி. முகாமில் சுடும் .22 தோட்டா வேறு சங்கதி, அதற்கு உரிமம் வேண்டும். இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது டின் விலையை மட்டும் பார்ப்பது. 10 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்கு 2.5 மில்லிமீட்டர்தான். மட்டமான டின்னில் பெல்லட்டுக்குப் பெல்லட் எடை மாறும், சிலவற்றின் பின்விளிம்பு நசுங்கியிருக்கும். பிள்ளை சரியாகச் சுட்டும் ஷாட் விலகிப்போகும். உடனே பிள்ளை தோளை மாற்றும், மூச்சை மாற்றும், இல்லாத தவற்றைத் திருத்திக்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கத்தைப் பிறகு கோச் உடைத்தெடுப்பதற்குள் மிச்சம் பிடித்த காசு போய்விடும்.

அதற்காக, நேராக விலை உயர்ந்த போட்டி ரக டின்னுக்குத் தாவுவதும் வீண். இன்னும் ஏழு புள்ளிக்கும் ஒன்பது புள்ளிக்கும் அலைகிற பிள்ளைக்கு அந்த நுணுக்கம் பயன்படாது. நல்ல கம்பெனிகளின் பயிற்சி ரகம் போதும். ஆனால் அதிலும் தலையளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று வரும், எது பொருந்தும் என்பது பேரலுக்குப் பேரல் மாறும். கோச்சிடம் சொல்லி ரைபிளை அசையாமல் பிடிப்பில் வைத்து, ஒவ்வொரு ரகத்திலும் பத்துப் பத்து ஷாட் தனித்தனி அட்டையில் சுட்டுப் பாருங்கள். எந்த அட்டையில் ஓட்டைகள் நெருங்கி விழுகின்றனவோ அதை வாங்கலாம். பக்கத்து வீட்டுப் பையனின் ரைபிளுக்கு எது நன்றாக இருந்தது என்பது இங்கே உதவாது. சரி, பொருத்தமானது கிடைத்துவிட்டது என்றால் ஒரே பேட்ச் எண்ணில் சில டின்களைச் சேர்த்து வாங்குங்கள்.

மொத்தமாக வாங்கி வைப்பதில்தான் நம்ம ஊர் ஈரம் குறுக்கே வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்து கிடக்கும் டின்னில் ஈயம் வெள்ளையாகப் பூத்துவிடும். நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரம் என்றால் கேட்கவே வேண்டாம். மூடியை இறுக்கி, சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பூத்ததை எண்ணெயில் துடைத்துப் போடும் வழக்கம் வேண்டாம். ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ரைபிளில் அந்த எண்ணெய் அழுத்தத்தில் எரியும், வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும்.

உண்மையான சேமிப்பு பெல்லட் போடாமல் ட்ரிகர் பழகுவதில் இருக்கிறது. பெரும்பாலான போட்டி ரைபிள்களில் அதற்கென்று தனி அமைப்பு உண்டு. ஸ்பிரிங் ரைபிளில் மட்டும் வெறுமனே சுடக் கூடாது, பிஸ்டன் அடிபடும்.

ஈயம் நஞ்சு. சுட்ட கையோடு பஜ்ஜியைத் தொடவிடாமல் முதலில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். அப்புறம், இலக்குக்குப் பின்னால் உள்ள பெட்டியில் விழுந்த பெல்லட்டைப் பொறுக்கி மறுபடி சுடுவோரும் இருக்கிறார்கள். நசுங்கிய ஈயம் பேரலில் சிக்கும். அதைக் கையுறை போட்டுச் சேர்த்து வைத்துப் பழைய இரும்புக் கடையில் ஈய விலைக்குப் போட்டால் அடுத்த டின்னுக்குக் கொஞ்சமாவது தேறும்.