தைராய்டில் அயோடின் எவ்வளவு, ஹார்மோன் எவ்வளவு: அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைராய்டு ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அதிலிருக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு சுரப்பியின் மொத்த நிலவரத்தையும் சொல்லிவிடப் பார்ப்பதுதான் பெரிய தவறு. சுரப்பிக்குள் எவ்வளவு அயோடின் சேர்ந்திருக்கிறது, இப்போது எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு ஹார்மோன் தயாராகிறது, ரத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது என்பவை நான்கு தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கான பரிசோதனையை இன்னொன்றுக்கு விடையாகப் படித்தால் சிகிச்சையே தடம் மாறிப்போகும்.

முதலில் சிறுநீர் அயோடின். உள்ளே போகும் அயோடினில் 90 சதவீதத்துக்கு மேல் சிறுநீரில் போய்விடுவதால், இது கடந்த ஓரிரு நாளில் உடலுக்குள் போனதைத்தான் காட்டும், சேமிப்பைக் காட்டாது. லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் என்றால் போதுமானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு மக்கள் கூட்டத்தின் இடைநிலை அளவுக்கு. தனி ஆளின் ஒரு பாட்டில் சிறுநீருக்கு அதைப் பொருத்தவே கூடாது. அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தார், முந்தின வேளை என்ன சாப்பிட்டார் என்பதைப் பொறுத்தே அந்த எண் ஏறி இறங்கும். ஒருவருடைய நிலை ஓரளவு தெரிய வேண்டுமென்றால் வெவ்வேறு நாட்களில் 10 மாதிரிகளாவது வேண்டும். ஒரே மாதிரியைப் பார்த்துவிட்டு அதிக வீரிய அயோடின் சொட்டு மருந்தை ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, ஏனென்றால் திடீரென்று அளவு மீறிப் போகும் அயோடின் சிலருக்குச் சுரப்பியை அடக்கிவிடும், கட்டிகள் உள்ள சிலருக்கு அதையே தாறுமாறாக முடுக்கிவிடும். தோலில் அயோடின் தடவி எத்தனை மணி நேரத்தில் நிறம் மறைகிறது என்று பார்க்கும் முறையும் ஒன்று சுற்றி வருகிறது. அதை நம்பவே வேண்டாம், நிறம் மறைய ஆவியாவது உட்படப் பல காரணங்கள் உண்டு.

அடுத்து, டி4 (நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட முக்கிய தைராய்டு ஹார்மோன், தைராக்சின்) நார்மல் என்றால் அயோடினும் நிறைய இருக்கிறது என்று நினைப்பது. கணக்கைப் பாருங்கள். பெரியவர்களின் தைராய்டு நாளொன்றுக்குச் சுமார் 90 மைக்ரோகிராம் டி4 தருகிறது, டி4-இன் எடையில் 65 சதவீதம் அயோடின், ஆக தினமும் போவது கிட்டத்தட்ட 60 மைக்ரோகிராம். சுரப்பிக்குள் இருப்பதோ பல ஆயிரம் மைக்ரோகிராம், தைரோகுளோபுலின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு. அதனால் வரத்து குறைந்தாலும் மாதக்கணக்கில் சமாளிக்க முடியும். அதற்குப் பிறகும்கூட சுரப்பி டி4-ஐக் குறைத்து, மூன்றே அயோடின் அணுக்கள் தேவைப்படும் டி3 என்ற ஹார்மோனைக் கூடுதலாகத் தயாரித்து ஓட்டும். இந்தக் காலத்தில் ரத்தத்தில் தைரோகுளோபுலின் ஏறுவது அயோடின் குறைவைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதற்கு எதிரான ஆன்டிபாடி உள்ளவர்களிடம் அந்த எண்ணும் பொய் சொல்லும், அதையும் சேர்த்துப் பார்க்காமல் படிக்கக் கூடாது.

டி3-ஐ வைத்துச் சுரப்பியின் உற்பத்தியைக் கணிப்பதும் சரியில்லை. உடலில் உருவாகும் டி3-இல் சுமார் 80 சதவீதம் தைராய்டுக்கு வெளியே, டி4-இலிருந்து ஓர் அயோடின் அணு கழன்று உண்டாவது. கடுமையான நோயில் படுத்திருப்பவருக்கு இந்த மாற்றம் குறைந்து டி3 இறங்கும், சுரப்பியில் ஒரு கோளாறும் இருக்காது.

அதிகம் குழப்புவது கதிரியக்க அயோடின் உறிஞ்சல் பரிசோதனை, அதாவது கொஞ்சம் கதிரியக்க அயோடினைக் கொடுத்து அதில் எத்தனை பங்கைச் சுரப்பி இழுக்கிறது என்று பார்ப்பது. அது தருவது சதவீதம், அளவு இல்லை. சுரப்பி நாளுக்கு 60 மைக்ரோகிராம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150 மைக்ரோகிராம் உள்ளே போகிறவருக்கு அது 40 சதவீதம், 600 போகிறவருக்கு 10 சதவீதம், இருவரும் எடுத்தது ஒரே அளவுதான். கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் அயோடின் கலந்த மருந்து) போட்டு சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் ஒரே ஊசியில் பல கிராம் அயோடின் உள்ளே போயிருக்கும், பல வாரங்களுக்கு உறிஞ்சல் குறைவாகவே வரும். இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் மட்டும் சுமார் 75 மில்லிகிராம் அயோடின், நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடலில் தங்கும். இவற்றை முன்கூட்டியே கேட்காமல் பரிசோதனைக்கு அனுப்புவது வீண் அலைச்சல்.

அதே பரிசோதனைதான் இன்னொரு முக்கியமான தவறிலிருந்தும் காப்பாற்றுகிறது. ரத்தத்தில் ஹார்மோன் கூடினால் உற்பத்தியும் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. சுரப்பியில் அழற்சி வந்தால் கிடங்குச் சுவர் இடிந்து சரக்கு கொட்டுவது போல, சேமித்த ஹார்மோன் ரத்தத்தில் வழியும். உறிஞ்சலோ ஏறக்குறைய பூஜ்யம். உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியை முடுக்கிவிடும் கிரேவ்ஸ் நோயில் உறிஞ்சல் அதிகம், அங்கே உண்மையாகவே உற்பத்தி கூடியிருக்கிறது. முதல் வகைக்காரருக்கு உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரை கொடுத்து என்ன பயன், தடுக்க அங்கே உற்பத்தியே நடக்கவில்லையே!

சரி, சேமிப்பை நேரடியாக அளக்க வழி உண்டா? உண்டு, எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை. அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருளின் கதிரைக் கழுத்தில் பாய்ச்சி, அயோடின் திருப்பி உமிழும் 28.6 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கதிரை எண்ணுவார்கள். பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூட வேலைதான். இதில் சறுக்குவது ஆழத்தில். சுரப்பிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் திசு கூடுதலாக இருந்தாலே வெளிவரும் கதிரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஆழத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்துத் திருத்தாவிட்டால் கழுத்து தடித்தவருக்கெல்லாம் அயோடின் குறைவு என்றே வரும்.

அப்புறம் ரத்தம் எடுக்கும் நேரத்துச் சின்னத் தவறுகள். முடிக்காகச் சாப்பிடும் அதிக அளவு பயோட்டின் (ஒரு வைட்டமின்), சில ஆய்வக முறைகளில் டி4-ஐ ஏற்றியும் டிஎஸ்எச்-ஐ (தைராய்டை வேலை வாங்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்) இறக்கியும் காட்டி, இல்லாத நோயை இருப்பதாக்கும். குறைந்தது 2 நாள் முன்னாலேயே நிறுத்துங்கள், அளவு மிக அதிகம் என்றால் எத்தனை நாள் என்று ஆய்வகத்திடம் கேளுங்கள். தைராக்சின் மாத்திரை போடுகிறவர்கள் அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். டோஸ் மாற்றினால் 6 வாரம் பொறுத்துத்தான் டிஎஸ்எச் பார்க்க வேண்டும், 10 நாளில் பார்த்து மறுபடி மாற்றினால் துரத்தல் முடியவே முடியாது. இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடும் முன் அலகையும் பாருங்கள், ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக ஓடும் டி4) ஒரு தாளில் 1.2, இன்னொன்றில் 15.4 என்றிருந்தால் பதற வேண்டாம், முதலாவது டெசிலிட்டருக்கு நானோகிராம், அடுத்தது லிட்டருக்கு பிக்கோமோல், இரண்டும் ஒரே அளவு.