விழாவில் உணவு ஸ்டால் போடப் போகிறீர்களா? முதலில் பெர்மிட்டைப் பாருங்கள்

விழா வருகிறது என்றதும் யாராவது ஒருவர் "நாமும் ஒரு உணவு ஸ்டால் போட்டால் என்ன?" என்று ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் மெனு முடிவாகிவிடும், யார் வீட்டில் எதைச் சமைப்பது என்றும் பிரித்துக்கொள்வார்கள். பெர்மிட் பேச்சு கடைசியில்தான் வரும். வெளிநாட்டில் இந்த வரிசை எடுபடாது. சுகாதாரத் துறை முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: என்ன விற்கப் போகிறீர்கள், அதை எங்கே சமைக்கிறீர்கள்? பதில் சரியில்லை என்றால் மற்ற தாள்கள் எல்லாம் இருந்தும் பயனில்லை.

அதிகம் பேர் மாட்டுவது இரண்டாவது கேள்வியில். அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் உணவை விழா நடக்கும் இடத்திலேயே சமைக்க வேண்டும், அல்லது லைசென்ஸ் உள்ள வணிகச் சமையலறையில் சமைத்துக் கொண்டுவர வேண்டும். அப்படிப்பட்ட சமையலறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். அங்கே அதை 'கமிசரி' என்பார்கள். வீட்டில் செய்து விற்கப் பல மாநிலங்களில் தனிச் சட்டம் உண்டுதான். ஆனால் பொதுவாக அது வெளியில் வைத்தாலும் கெடாத பண்டங்களுக்கு மட்டுமே. எதற்கெல்லாம் பொருந்தும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிரிட்டனில் வீட்டுச் சமையலறையையே உணவுத் தொழிலிடமாகப் பதிவு செய்யலாம். அதன் பிறகு கவுன்சில் (அங்குள்ள உள்ளாட்சி அமைப்பு) அதிகாரி உங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்க வருவார் என்பதையும் சேர்த்தே யோசித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் எங்கே போடுவது? அமெரிக்காவில் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) அல்லது நகரத்தின் சுகாதாரத் துறை, கனடாவின் ஒன்டாரியோவில் உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பிரிவு, பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளூர் கவுன்சில். நாட்டுக்கு ஒரே விதி என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துக் கவுன்டியில் கடை போட்ட நண்பரின் படிவத்தை அப்படியே காப்பி அடித்தால் திரும்பி வரலாம். பிரிட்டனில் தொழில் தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாள் முன்பே பதிவு செய்துவிட வேண்டும், கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் பல இடங்களில் 'தற்காலிக உணவுக் கடை' என்ற வகையில் அனுமதி தருவார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ-வின் மாதிரி விதித்தொகுப்பின்படி, அது ஒரே நிகழ்ச்சியையொட்டித் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் போகாத கடை. அடுத்த மாதம் வேறு விழா என்றால் பெரும்பாலும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

விழா நடத்துபவர்கள் இடம் ஒதுக்கிவிட்டார்கள் என்பதாலேயே சுகாதார அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. இடத்துக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று, அடுப்பும் கேஸ் சிலிண்டரும் இருந்தால் தீயணைப்புத் துறை சொல்வது ஒன்று, விற்பனை வரி உள்ள ஊரில் அதற்கொரு பதிவு. இதற்கு மேல், உங்கள் கடையால் மற்றவர்களுக்குப் பாதிப்பு நேர்ந்தால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் சான்றிதழை விழாக் குழுவே கேட்கும். "நாங்கள் லாபத்துக்குச் செய்யவில்லை, நன்கொடைதான்" என்ற பதிலும் எல்லா இடத்திலும் செல்லாது. எப்போதாவது ஒருமுறை தொண்டர்கள் சமைத்துப் போடுவதற்குப் பிரிட்டனில் பதிவு தேவைப்படாமல் போகலாம். அமெரிக்காவில் பல ஊர்களில் இலவசமாகக் கொடுத்தாலும் பெர்மிட் கேட்பார்கள்.

புதிதாக வந்தவர்கள் இதையெல்லாம் தொடுவதற்கு முன் தங்கள் விசாவைப் பார்த்துக்கொள்வது நல்லது. பிரிட்டனில் மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் வார இறுதியில் தன் பெயரில் கடை போட்டுச் சம்பாதிப்பதும் அனுமதியில்லாத வேலைதான். சுகாதார அதிகாரி விசாவைக் கேட்கவில்லையே என்று ஆறுதல் அடைய வேண்டாம்.

சரி, இப்போது மெனு. இதில்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அதிகாரிகள் பயப்படுவது சூடும் இல்லாத குளிரும் இல்லாத இடைப்பட்ட வெப்பநிலைக்கு, ஏனென்றால் கிருமிகள் வேகமாகப் பெருகுவது அங்கேதான். அந்த எல்லையை அமெரிக்க மாதிரி விதி 5 முதல் 57 டிகிரி செல்சியஸ் என்கிறது. கனடாவில் 4 முதல் 60, ஆஸ்திரேலியாவில் 5 முதல் 60. இங்கிலாந்தில் குளிர்ந்த உணவு 8 டிகிரிக்குள், சூடான உணவு 63 டிகிரி அல்லது அதற்கு மேல். சூடான உணவை மேல் எல்லைக்குக் கீழே இறங்க விடாமலும் குளிர்ந்ததைக் கீழ் எல்லையைத் தாண்ட விடாமலும் நாள் முழுக்க வைத்திருக்க உங்களிடம் சாதனம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த அயிட்டத்தை மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். மேலே ஆவி பறக்கிறதே என்று சொல்லித் தப்ப முடியாது. இன்ஸ்பெக்டர் ஊசி தெர்மாமீட்டரைப் பாத்திரத்தின் நடுவில் இறக்கி, எண் நிலைக்கும் வரை காத்திருப்பார்.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாகாமல் தப்பிக்கும். வடித்த சோற்றை அண்டாவில் அப்படியே ஆற விட்டால் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும். அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. "திரும்பக் கொதிக்க வைத்தால் போச்சு" என்ற நம் வீட்டு வழக்கம் இங்கே உதவாததற்குக் காரணம் இதுதான். முந்தின நாளே சமைத்து வைப்பதாக இருந்தால் ஆற வைப்பதற்கும் விதி உண்டு: அமெரிக்கக் கணக்கில் 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், தொடங்கியதிலிருந்து மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு வர வேண்டும். பெரிய பாத்திரத்தில் இது நடக்காது. ஆழமில்லாத தட்டுகளில் பரப்பினால் நடக்கும். என்னைக் கேட்டால், முதல் முறை கடை போடுபவர்கள் முந்தின நாள் சமையலையே தவிர்ப்பது புத்திசாலித்தனம். அங்கேயே சுடச்சுடச் செய்து கொடுக்கக்கூடிய இரண்டு மூன்று அயிட்டம் போதும். விண்ணப்பத்தில் விளக்க வேண்டியதும் குறையும்.

கை கழுவும் இடம் இல்லாமல் பல ஊர்களில் கடையைத் திறக்கவே விடமாட்டார்கள். அதற்குப் பெரிய செலவு இல்லை. அழுத்திப் பிடிக்காமலே தண்ணீர் விழும் குழாய் வைத்த கேன், அதை வைக்க ஒரு மேசை, கீழே ஒரு வாளி, திரவ சோப்பு, பேப்பர் டவல். குழாயைத் திறந்துவிட்டு இரண்டு கையையும் தேய்க்க முடிய வேண்டும் என்பதுதான் விஷயம். கையுறை போட்டிருக்கிறோம், சானிடைசர் வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் இதற்கு ஈடாகாது. காசை வாங்கிய அதே கையுறையோடு உணவைத் தொடுவதை அதிகாரி தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார். பணத்துக்கென்று தனியாக ஓர் ஆளை உட்கார வைத்துவிடுங்கள். பாத்திரத்துக்கு மூன்று தொட்டி: சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், கிருமிநீக்கித் தண்ணீர். கடைசித் தொட்டியின் அடர்த்தியைச் சோதிக்கும் காகிதத் துண்டையும் கேட்பார்கள், வாங்கி வைத்திருங்கள்.

அலர்ஜி விவரத்தைக் கேட்டால் தெரியாது என்று சொல்லக் கூடாது. பிரிட்டனில் 14 பொருள்களைச் சட்டம் பட்டியலிடுகிறது. அமெரிக்கப் பட்டியலில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் சேர்ந்து 9 ஆனது. நம் சமையலில் எள், கடுகு, வேர்க்கடலை, முந்திரி எங்கே கலந்திருக்கிறது என்று சமைத்தவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, கவுன்டரில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும். இன்னொன்று: இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல், வாங்குபவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் டப்பாவில் அடைத்து உங்கள் கடையிலேயே விற்கும் உணவுக்கு முழுச் சேர்மானப் பட்டியலுடன் லேபிள் கட்டாயம். கேட்ட பிறகு எடுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த லேபிள் வேண்டாம், ஆனால் அலர்ஜி விவரத்தைச் சொல்லியாக வேண்டும். வேலை மிச்சம் என்று காலையிலேயே நூறு டப்பா அடைத்து வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

எண்ணெயில் பொரிப்பதாக இருந்தால் சாதாரணத் தீயணைப்பான் போதாது. அமெரிக்காவில் 'கே' வகை, பிரிட்டனில் 'எஃப்' வகை வேண்டும். பந்தல் துணி தீ எளிதில் பிடிக்காத வகை என்பதற்கான முத்திரையும் அதிலேயே இருக்க வேண்டும்.

மூட்டை கட்டும்போது, கழுவிய தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றிவிடாதீர்கள், அதற்குத் தனி அபராதம் உண்டு. பொரித்த எண்ணெயை நன்றாக ஆறவிட்டு மூடியுள்ள கேனில் ஊற்றுங்கள். விழாத் திடலில் அதைக் கொட்ட இடம் வைத்திருக்கிறார்களா, இல்லை நீங்களே எடுத்துப் போக வேண்டுமா என்று இடம் ஒதுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.