கோலாட்டக் குழு தொடங்குகிறீர்களா? கும்மியில் ஆரம்பியுங்கள்

காரைக்குடிப் பக்கம் நாலு பெண்கள் சேர்ந்து கோலாட்டம் ஆடலாம் என்று பேச்செடுத்தால், மறுநாளே ஒருவர் கோல் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். அவசரம் வேண்டாம். முதல் மாதம் முழுக்க வெறுங்கைதான். கும்மியில் கை கூடியவருக்குக் கோலாட்டம் தானாக வரும். அது இல்லாமல் கோலைக் கொடுத்தால் விரல்தான் வீங்கும்.

நான் தையல்காரி. எங்கள் குழுவில் சத்துணவு சமைக்கிறவர், பூக்கட்டுகிறவர், கல்லூரிப் பெண்கள், பேரன் பேத்தி எடுத்த ஆச்சிகள் எல்லாரும் உண்டு. நடனம் படித்தவர் யாரும் இல்லை. வேலை முடித்துக் களைத்து வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறைதான் நான் எழுதுவது.

முதலில் இடம். நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குக் குறைவே இல்லை. சாவி வைத்திருப்பவரிடம் முறையாகப் பேசுங்கள். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், ஆடினால் பாட்டு நன்றாகத் திரும்பி ஒலிக்கும். ஆனால் ஆத்தங்குடித் தரையோடு பதித்த பட்டாசாலைக் கூடத்தில் ஆடாதீர்கள். பார்க்க அழகு, வேர்த்த பாதத்துக்கு வழுக்கும். முற்றத்துக் கல்தரையில் வெகுநேரம் குதித்தால் முட்டி வலிக்கும். கோயில் பொட்டலில் கெட்டித்த செம்மண் கிடைத்தால் அதைவிட நல்ல தரை இல்லை. ஆடுமுன் தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதும்.

கும்மியில் முதல் பாடம் வட்டம். பாட்டு வேகமெடுத்தால் எல்லாரும் நடுவை நோக்கி நெருங்குவார்கள், வட்டம் சுருங்கும், கைகள் இடிக்கும். முளைப்பாரியை நடுவில் வைத்துச் சுற்றுகிற பழக்கம் இதற்கு உதவும். பயிற்சியின்போது முளைப்பாரி இல்லையென்றால் ஒரு பித்தளைக் குடத்தை வையுங்கள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. இடுப்பு ஒத்துழைக்காத ஆச்சிமார் நெஞ்சுக்கு நேரே தட்டட்டும். தாளம் ஒன்றாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு உறுத்தாது. அவர்களை உட்கார வைத்துவிடாதீர்கள். பாட்டு அவர்களிடம்தான் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் காலையே பார்ப்பார்கள். எங்கள் மூத்த ஆச்சி அதை ஒரே வார்த்தையில் சரி செய்வார்: “ஆத்தா, காலு எங்கயும் போயிறாது. எதுத்தாப்புல நிக்கிறவ மூஞ்சியப் பாரு.” பார்வை நிமிர்ந்தால் தோள் தளரும், தோள் தளர்ந்தால் தட்டு நேரத்துக்கு விழும். வாயால் பாடிக்கொண்டே ஆடச் சொல்லுங்கள். பாடுகிறவர் தாளம் தப்புவது அபூர்வம்.

சரி, இப்போது கோல். ஒரு அடிக்குச் சற்றே கூடுதலான நீளம். கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். காய்ந்து வைரம் பாய்ந்த மரமாகக் கேளுங்கள். ஈரமரம் சொத்தென்று ஒலிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு கோலைத் தட்டிக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். சாயம் பிடிப் பக்கம் மட்டும் போதும், தட்டுகிற நுனியில் பூசினால் உதிரும். சிராய் எழும்பினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

பிடிப்பது அடியிலிருந்து நாலு விரல் தள்ளி, தளர்வாக. இறுக்கிப் பிடித்தால் அதிர்வு மணிக்கட்டில் ஏறும், ஓசையும் செத்துப்போகும். கோலின் மேல்பாதி கோலின் மேல்பாதியைத்தான் தொட வேண்டும். உள்வட்டம், வெளிவட்டம் என்று எதிரெதிரே ஜோடியாக நில்லுங்கள். பாடம் நாலு எண்ணிக்கை: ஒன்றுக்குத் தன் கோல்கள், இரண்டுக்கு எதிராளியின் வலக்கோலோடு நம் வலக்கோல், மூன்றுக்கு மறுபடி தன் கோல்கள், நாலுக்கு இடக்கோலோடு இடக்கோல். இது தூக்கத்திலும் வருகிற அளவு பழகிய பிறகு ஆள் மாறுங்கள். உள்வட்டம் நிற்க, வெளிவட்டம் ஓர் ஆள் நகரும். ஆட்டம் இரட்டைப்படையில்தான் நடக்கும். மிஞ்சுகிறவர் கையில் ஜால்ராவைக் கொடுங்கள். கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுங்கள்.

எல்லாருக்கும் ஆசை பின்னல் கோலாட்டத்தின் மேல்தான். உயரத்தில் கட்டிய கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, ஆடிக்கொண்டே பின்னி, ஆடிக்கொண்டே அவிழ்ப்பது. எட்டுப் பேரோடு ஆரம்பியுங்கள். ஒன்றுவிட்டு ஒருவராக நாலு பேர் வலமாக, நாலு பேர் இடமாக. எதிரே வரும் முதல் ஆளுக்கு உள்பக்கமாகப் போனால், அடுத்த ஆளுக்கு வெளிப்பக்கம். இப்படி மாறி மாறி. வலம் வருகிறவர்கள் கயிறு ஒரு நிறம், இடம் வருகிறவர்கள் கயிறு வேறு நிறம் என்றால் தப்பு உடனே கண்ணில் படும். பின்னப் பின்னக் கயிறு குறையும், அதனால் உயரத்தைவிடத் தாராளமாக நீளம் வையுங்கள். அவிழ்க்கும்போது அப்படியே திரும்பி, கடைசியாகக் கடந்தவரை எந்தப் பக்கமாகக் கடந்தோமோ அதே பக்கமாகக் கடக்க வேண்டும். எங்காவது சிக்கினால் யாரும் இழுக்கக் கூடாது. எல்லாரும் நின்றுவிட்டு, சிக்கு எந்த இருவருக்கு நடுவில் என்று பார்த்து, அவர்களை மட்டும் ஒரு கடப்பு பின்னால் போகச் சொன்னால் போதும்.

உடுப்புக்குக் கண்டாங்கியைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை என்பதற்காகச் சொல்லவில்லை. கெட்டிப் பருத்தி, வேர்வையை வாங்கும், மடிப்பு நிற்கும், அகலக் கரை தூரத்திலிருந்தும் தெரியும். கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி ஏற்றிக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, தோளில் ஓர் ஊக்கு. ஒரே நிறத்தில் எல்லாரும் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். சேலைக்குக் காசு புரட்ட முடியாமலே சிலர் வராமல் போய்விடுவார்கள். வீட்டில் இருக்கிற கண்டாங்கி எந்த நிறமானாலும் சேர்ந்து நிற்கும்போது பொருந்திவிடும்.

வரவு செலவுக்கு ஒரு நோட்டு, எழுத ஓர் ஆள், மாதம் ஒருமுறை எல்லார் முன்னிலையிலும் வாசிப்பு. கோயிலில் கொடுக்கிற சன்மானத்தில் முதலில் வேன் வாடகை, அப்புறம்தான் மற்றது.

மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா, வைகாசியில் கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா என்று கூட்டம் நெரிகிற இடத்தில் ஆடப்போனால் பக்கத்திலேயே மேளம் முழங்கும். நம் பாட்டு நமக்கே கேட்காது. பாடுகிறவரை ஓரமாக மைக் முன் நிறுத்தாமல் வட்டத்தின் நடுவில் நிறுத்துங்கள், ஜால்ரா அவர் பக்கத்தில். காது தவறினாலும் அவர் உதட்டையும் கையையும் பார்த்து ஆடிவிடலாம். மேளத்தின் வேகத்துக்கு இழுபட்டால் இரண்டு பாட்டிலேயே மூச்சு வாங்கும். அப்போது கோலை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சுற்றுக் கும்மி அடியுங்கள். மூச்சு சமமானதும் கோலை எடுக்கலாம்.