தானாக அணையும் கம்ப்யூட்டர்: திறப்பதற்கு முன் நேரத்தைக் குறியுங்கள்

மியான்மரின் யாங்கோனில் கல்யாணப் பத்திரிகையும் தீமிதி நோட்டீஸும் தமிழில் அடித்துக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. மாப்பிள்ளையின் தாத்தா பெயரை மூன்றாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருக்கும்போது திரை பொட்டென்று இருண்டுவிடும். கரண்ட் போனதா என்றால் இல்லை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் செத்துக் கிடக்கிறது.

உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடாதீர்கள். ஒரு தாளை எடுத்து எத்தனை மணிக்கு அணைந்தது, ஆன் செய்து எவ்வளவு நேரம் ஓடியது, அப்போது என்ன வேலை நடந்தது என்று எழுதுங்கள். நாலைந்து தடவை எழுதினாலே பாதி வியாதி பிடிபடும். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைப் பார்த்துப் பயந்து விண்டோஸையே புதிதாகப் போடுகிறவர்கள் உண்டு. முறையாக மூடாமல் நின்றுபோனது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது, அதுவும் மறுபடி ஆன் செய்த பிறகுதான் பதிவாகும். அணைந்த நேரம் வேண்டுமானால் 6008 என்ற எண்ணைப் பாருங்கள்.

என் தாளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. கரண்ட் போய் வந்த ஐந்து, பத்து நிமிஷத்துக்குள்தான் ஒவ்வொரு தடவையும் அணைந்திருக்கிறது. 'மீ லா பி' (பர்மிய மொழியில் 'கரண்ட் வந்துவிட்டது') என்று தெரு கூவியதும் எல்லா மாடிக்காரர்களும் ஓடிப்போய்த் தண்ணீர் மோட்டாரைப் போடுவார்கள். வோல்டேஜ் சரியும். மேஜைக்கடியில் இருக்கும் ரெகுலேட்டர் அதைச் சரிக்கட்ட 'டக்'கென்று உள்ளே இருக்கும் ரிலே சுவிட்சை மாற்றும். அந்த 'டக்'கில் கரண்ட் ஒரு நொடித்துளி அறுந்து ஒட்டுகிறது. கரண்ட் நின்றபின், பெட்டிக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை நல்லதாக இருந்தாலும் ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட்தான் தாக்குப்பிடிக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்றுக்கே 20 மில்லிசெகண்ட், அதாவது ஒரு சுற்று முழுசாக அறுந்தாலே தாங்காது. ஃபேன் இதைக் கண்டுகொள்ளாது. கரண்டைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் கிழடாகிப்போன என் பெட்டிக்கு அதுவே போதும்.

ரெகுலேட்டருக்கு அடுத்து யூபிஎஸ், யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் என்று மாட்டியதும் தொல்லை நின்றது. பழைய யூபிஎஸ் இருந்தால் முதலில் அதில் கம்ப்யூட்டரை மாட்டாமல் ஒரு மேஜை விளக்கை மாட்டிச் சுவர் பிளக்கை உருவிப் பாருங்கள். விளக்கும் சேர்ந்து அணைந்தால் பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம்.

ஏப்ரல் வெயிலில் கால் மணி ஓடி அணைந்து, உடனே ஆன் செய்தால் இன்னும் சீக்கிரம் அணைந்து, ஆறவிட்டால் மறுபடி நன்றாக ஓடினால் அது சூடு. ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய பயாஸ் திரையில் பிராசசர் வெப்பநிலையைப் பாருங்கள். வேலையே இல்லாமல் 80 டிகிரிக்கு மேல் நின்றால் பெட்டியைத் திறக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிடுங்கள். தூசி ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்டெல் பிராசசரோடு அதே அட்டைப்பெட்டியில் வரும் விசிறி என்றால் அதன் நாலு பிளாஸ்டிக் கால்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று எழும்பி நிற்கும். பார்வைக்கு உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும், விரல் வைத்தால் ஆடும். அப்படியானால் விசிறியைக் கழற்றி, பிராசசர் மேல் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பச்சைப்பயறு அளவு புதுசு வையுங்கள். கால்களைக் குறுக்கும் மறுக்குமாக, 'கிளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். நிறையப் பேஸ்ட் தடவுவது தோசைக்கு நெய் ஊற்றுவதுபோல் அல்ல.

படமோ கேமோ ஓடத் தொடங்கியதும் அணைந்தால் பவர் சப்ளை மேல் சந்தேகப்படலாம். பயாஸில் 12 வோல்ட் 11.4க்குக் கீழே இறங்கினால் சந்தேகம் கூடும், ஆனால் அந்தக் கணக்கை முழுசாக நம்பிவிட முடியாது. தெரிந்தவரிடம் நல்லது ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் உறுதி. பவர் சப்ளை டப்பாவை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும். நீலத் திரை காட்டி ரீஸ்டார்ட் ஆனால் கதை வேறு. முதலில் ராம் (RAM) என்ற மெமரி அட்டையைக் கழற்றி மாட்டுங்கள்.

இன்னொரு வகை உண்டு. போன மழைக்காலத்தில் ஒருவர் பெட்டியைச் சைக்காவில் (இங்கத்திய சைக்கிள் ரிக்ஷா) ஏற்றிக்கொண்டு வந்தார். ஆன் செய்தால் எண்ணி நாலு நொடியில் அணைகிறது. மதர்போர்டு போய்விட்டது என்று வேறு கடையில் சொல்லிவிட்டார்களாம். பவர் பட்டனை நாலு நொடி அழுத்திப் பிடித்தால் எந்தக் கம்ப்யூட்டரும் அணையத்தானே செய்யும்? ஈரத்தில் பட்டன் உள்ளே சிக்கி, தன்னைத்தானே அழுத்திக்கொண்டிருந்தது. மதர்போர்டிலிருந்து பட்டன் ஒயரை உருவி, அது மாட்டியிருந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டேன். ஆன் ஆனது, அணையவில்லை. ரீசெட் பட்டனின் ஒயரை அந்தப் பின்னில் மாட்டிக் கொடுத்தேன். இப்போது அவர் வீட்டில் ரீசெட்டை அழுத்தித்தான் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார்கள்.